ஓட்டைப் படகில் மீன் பிடிக்கலாம்!

அடியில் ஓட்டை விழுந்த படகு மூழ்கும். இது பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தயாரிக்கும்போதே அடியில் ஆறு ஓட்டை போட்டு, புத்தம் புதிதாகக் கடையில் விற்கிற படகு ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா, நண்பர்களே? அதில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து நாள் பூரா ஏரியைச் சுற்றி மீன் பிடிக்கலாம் என்றால்? அந்தப் படகுக்குப் பெயர் கயாக். போன மார்கழியில் அது எங்கள் ஊர் ஏரியிலேயே வந்து இறங்கியது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்த வரையில், நம் பாடப் புத்தகத்தில் உள்ள கணக்கையும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில் இருக்கிறது. "ஜவ்வாதா, பூசுற ஜவ்வாதா?" என்று ஹாஸ்டலில் கேட்காத ஆள் இல்லை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிற மலை அது. செய்யாறு எங்கள் மலையில்தான் பிறக்கிறது. காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த பெரிய தொலைநோக்கி இருப்பதும் இந்த மலையில்தான். ஜமுனாமரத்தூருக்கு டூர் வந்தவர்கள் கோமுட்டேரியில் காலால் மிதிக்கிற படகில் போயிருப்பீர்கள். எங்கள் ஊர் அதற்கும் உள்ளே. ஏரியும் சின்னது. ஒரு பக்கம் கரையும் மதகும், மற்ற மூன்று பக்கமும் காடு. நல்ல மழை பெய்தால் நிரம்பி, கலங்கல் வழியாக ஓடையில் இறங்கிவிடும். விரால், கெளுத்தி, கெண்டை, ஜிலேபி, குத்தகைக்காரர் விட்ட கட்லா, ரோகு எல்லாம் உண்டு.

படகைக் கொண்டுவந்தவர் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு சார். என் மாமாவுக்குப் பழக்கமானவர். கார் கூரை மேல் கட்டிக்கொண்டு வந்தார். நீளம் 3 மீட்டர், அகலம் 75 செ.மீ., எடை 25 கிலோ. நானும் மாமாவும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் வைத்தோம். கவிழ்த்துப் பார்த்த மாமா, "இன்னா சார் இது, ஓட்டையா கீதே!" என்றார்.

இப்போது அந்த ஓட்டை விஷயத்துக்கு வருவோம்.

இந்த வகைக் கயாக்கில் உள்ளே இறங்கி உட்கார வேண்டியதில்லை. மேலேயே உட்கார வேண்டும். படகின் உடம்பு முழுக்க மூடிய ஒரு பெரிய காலி டப்பா. மேல் பக்கம் உட்காரவும் கால் வைக்கவும் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்திலிருந்து அடிப்பக்கம் வரை குழாய் மாதிரி ஓட்டைகள் போகின்றன. குழாயின் சுவர் இரு பக்கமும் உடம்போடு ஒட்டி இருப்பதால் தண்ணீர் டப்பாவுக்குள் போக வழியே இல்லை. சரி, குழாய் வழியாக மேலே ஏறி வராதா? ஏறும். ஆனால் எவ்வளவு ஏறும்? வெளியே ஏரி மட்டம் எதுவோ அதுவரைக்கும்தான்.

ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி கணக்குப் போடலாம். ஆள் 60 கிலோ, படகு 25, தூண்டில் சாமான் 5. மொத்தம் 90 கிலோ. ஆகவே 90 லிட்டர் தண்ணீரை விலக்கினால் போதும், மிதக்கும். முனைகள் கூராக இருப்பதைக் கழித்துவிட்டால் படகின் பரப்பு சுமார் 1.6 சதுர மீட்டர் வரும். 0.09 கன மீட்டரை 1.6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6 செ.மீ. அதாவது படகு ஆறு செ.மீ. ஆழம்தான் தண்ணீரில் அமுங்குகிறது. கால் வைக்கிற பள்ளம் அடியிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. குழாயில் ஏறிய தண்ணீர் ஆறு செ.மீ.யில் நின்றுவிடும். துடுப்பிலிருந்து சொட்டுகிற நீர், மழை நீர், மீன் துள்ளித் தெளிக்கிற நீர் எல்லாம் அதே ஓட்டை வழியாகத் தானே கீழே வடிந்துவிடும். சொம்பு எடுத்து மொள்ள வேண்டிய வேலை இல்லை. நம் வீட்டுப் பாத்ரூமில் தரை உயரமாகவும் சாக்கடை தாழ்வாகவும் வைக்கிறோமே, அவ்வளவுதான் விஷயம்.

குண்டான இரண்டு பேர் ஏறினால் என்ன ஆகும்? மொத்த எடை சுமார் 160 கிலோவைத் தாண்டினால் பள்ளத்தின் தரை ஏரி மட்டத்துக்குக் கீழே போய்விடும். ஓட்டை வழியே தண்ணீர் மேலே வந்து பாதம் நனையும். அப்போதும் படகு மூழ்காது. உள்ளே காற்றுதானே இருக்கிறது.

இந்தப் படகை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டேன். சார் சொன்ன பதிலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நிற்கிற கறுப்புத் தண்ணீர் டேங்க், நாமெல்லாம் சின்டெக்ஸ் என்று சொல்கிறோமே, அதைச் செய்கிற முறையேதான்! இரும்பு அச்சுக்குள் பாலிஎத்திலீன் தூளைக் கொட்டி மூடி, அடுப்பில் வைத்து இரண்டு அச்சில் மெதுவாகச் சுற்றுவார்கள். தூள் உருகி அச்சின் உள்சுவர் முழுக்க ஒரே கனத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆறவைத்துத் திறந்தால் ஒட்டுப்போடாத, தையல் இல்லாத ஒரே உடம்பு. டேங்க் தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்கிறது. கயாக் வெளியே நிறுத்துகிறது. மெக்கானிக்கல் நண்பர்கள் இதை 'ரொட்டேஷனல் மோல்டிங்' என்று படித்திருப்பார்கள்.

ஆனால் கயாக் பிளாஸ்டிக் காலத்தில் பிறந்தது அல்ல. கிரீன்லாந்து, அலாஸ்கா போன்ற பனி நாடுகளில் வாழும் இன்யூட் மக்கள் பல நூறு ஆண்டுகளாகக் கட்டிவந்த படகு அது. அங்கே மரம் கிடையாது. கடலில் அடித்துவந்து ஒதுங்குகிற கட்டையையும் எலும்பையும் வைத்துக் கூடு கட்டி, மேலே கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்துவிடுவார்கள். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கே ஓட்டை. 1905-ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் ஹாய்ரிச் என்பவர் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ரயிலில் போகக்கூடிய கயாக் ஒன்றைச் செய்தார். அதன் உரிமையை 1907-ல் யோஹான் கிளெப்பர் என்ற தையற்காரர் வாங்கித் தயாரித்து விற்கத் தொடங்கினார். ஹாய்ரிச் அதைச் செய்தபோது கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர்! சிவில் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

கூடு கட்டி மேலே தோல் போர்த்துவது என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்குப் பரிசல்தான் வந்தது. ஒகேனக்கல்லில் பார்த்திருப்பீர்கள். மூங்கில் பிளாச்சைக் கூடை போலப் பின்னி, அந்தக் காலத்தில் மாட்டுத் தோலைப் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். வேல்ஸ் நாட்டு ஆறுகளிலும் இதே மாதிரி சின்னப் பரிசலை முதுகில் சுமந்து போய் மீன் பிடிக்கிறவர்கள் உண்டு. பனி நாட்டுக்காரனுக்கும் காவிரிக்கரைக்காரனுக்கும் தோன்றியது ஒரே யோசனை. ஒருவன் நீளமாகக் கட்டினான், இன்னொருவன் வட்டமாகக் கட்டினான். இந்த நீளம், வட்டம் என்பதில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. அதற்கு முன்னால் மீனைப் பார்த்துவிடலாம்.

என் மாமா சாத்தனூர் அணையில் இரண்டு வருஷம் பரிசல்காரர்களோடு வலை வேலைக்குப் போனவர். மீன் விஷயத்தில் அவர் சொல்வதை நான் பெரும்பாலும் நம்புவேன். விடிகாலையில் ஏரிக்குப் போனதும் அவர் தண்ணீரைப் பார்க்க மாட்டார், தண்ணீரின் மேல்தோலைப் பார்ப்பார். ராத்திரி முழுக்க ஏரியில் உள்ள பாசி, செடி எல்லாம் நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுமே தவிரக் கொடுக்காது. அதனால் விடிகிற நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. வெயில் ஏறி, செடிகள் வேலையைத் தொடங்கிய பிறகு மறுபடி கூடும். காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறப்பதற்கு இது ஒரு காரணம். மீன் 'சூரிய நமஸ்காரம்' செய்கிறது என்று எங்கள் பாட்டி சொல்லும்.

விரால் கதை வேறு. அதற்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் காற்றை அடைத்துவைக்க ஒரு அறை இருக்கிறது. சிறிது நேரத்துக்கு ஒரு முறை மேலே வந்து ஒரு வாய் காற்று விழுங்கியே ஆக வேண்டும். வராமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும், மீனாக இருந்தும்! இதனால்தான் சேற்றுக் குட்டையிலும் விரால் பிழைக்கிறது. கூடையில் போட்டு ஈரத் துணி மூடிச் சந்தைக்கு உயிரோடு கொண்டுபோக முடிகிறது. இதே குணம்தான் அதைக் காட்டியும் கொடுக்கிறது. அல்லி இலைக்கு நடுவில் 'பொளக்' என்று ஒரு சத்தம், ஒரு வட்டம். அந்த இடத்தில் விரால் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் அந்த இடத்துக்குக் கரையிலிருந்து தூண்டில் எட்டாது. நடந்து போனால் சேறு. மேலும் சத்தத்தில் மீன் ஓடிவிடும். இங்கேதான் கயாக்கின் அருமை தெரிகிறது. ஆறு செ.மீ. தண்ணீர் இருந்தால் போதும், அல்லிக்கொடி மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். எஞ்சின் இல்லை, துடுப்பைத் தண்ணீரில் மெதுவாக வைத்தால் சத்தமும் இல்லை. சார் ரப்பர் தவளை ஒன்றை நரம்பில் கட்டி எறிந்தார். அதன் முள் மேல் நோக்கி உடம்போடு ஒட்டி இருப்பதால் கொடியில் மாட்டாது. இலைமேல் தத்தித் தத்தி இழுத்தார். நிஜத் தவளை தோற்றது போங்கள். மூன்றாவது எறியில் தண்ணீர் வெடித்தது. ஒன்றரை கிலோவுக்குக் குறையாத விரால். அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. மீன் படகை இழுத்துக்கொண்டு போனது! 90 கிலோவை ஒன்றரை கிலோ மீன் இழுக்குமா என்று கேட்காதீர்கள். வழவழப்பான நீளப் படகுக்கு மெதுவாகப் போகும்போது தண்ணீரின் தடை ரொம்பக் குறைவு. தரையில் தள்ள முடியாத மாட்டு வண்டியையும் தண்ணீரில் மிதந்தால் ஒரு விரலால் தள்ளலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் சிவப்பாகத் திரிகிற குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால், அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அப்போது எதைப் போட்டாலும் கோபத்தில் பாய்ந்து கவ்வும். பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சையும் மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். மாமா அந்த இடத்தில் தூண்டில் போட விட மாட்டார். ஜிலேபிக்கு இந்தத் தயவு தேவையே இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட மீன் அது. முட்டையை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கிறது. இப்போது இல்லாத ஏரி இல்லை.

பத்து மணிக்கு மேல் காற்று எழுந்தது. மலையில் காற்று எப்போது எந்தப் பள்ளத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. கயாக் எடை குறைவு, காற்றடித்தால் இலை மாதிரி நகரும். அதை நிறுத்த ஒரு கல்லில் கயிறு கட்டி இறக்குவார்கள். கயிற்றைப் படகின் முனையில்தான் கட்ட வேண்டும், பக்கவாட்டில் கட்டவே கூடாது. முனையில் கட்டினால் படகு தானே திரும்பிக் காற்றுக்கு எதிர்முகம் காட்டி நிற்கும். பக்கத்தில் கட்டினால் கயிறு ஒரு பக்கத்தைக் கீழே இழுக்க, காற்றும் அலையும் மறுபக்கத்தைத் தூக்க, கவிழ்ந்துவிடும்.

கவிழ்வது என்றதும் இந்தக் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன். மூழ்குவது வேறு, கவிழ்வது வேறு. முதலாவதற்கு எடையும் கொள்ளளவும் தெரிந்தால் போதும். இரண்டாவதற்கு நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துபோகும் ஒரு விஷயம் வேண்டும். அதுதான் மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா. 'பி டி கியூப் பை ட்வெல்வ்' எதற்கு உதவும் என்று கேட்டவர்களுக்கு இதோ பதில்.

படகு ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் அதிகத் தண்ணீரை விலக்குகிறது. அதனால் மிதப்பு விசை அந்தப் பக்கமாக நகர்ந்து படகை நிமிர்த்தப் பார்க்கிறது. அந்த விசை படகின் நடுக்கோட்டை வெட்டுகிற புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். ஆளும் படகும் சேர்ந்த புவியீர்ப்பு மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை படகு நிமிரும். மேலே போய்விட்டால் கவிழும். தஞ்சாவூர்ப் பொம்மை ஏன் விழுவதில்லை? அடியில் கனம் இருப்பதால் அல்லவா? இதுவும் அந்த ஜாதிதான். மெட்டாசென்டரின் உயரத்தைக் கண்டுபிடிக்க, தண்ணீர் மட்டத்தில் படகின் பரப்புக்கு இனர்ஷியா கண்டு, விலக்கிய தண்ணீரின் கன அளவால் வகுத்து, மிதப்பு மையத்தின் உயரத்தைக் கூட்ட வேண்டும்.

கயாக்குக்குப் போட்டுப் பார்த்தேன். 3 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம் உள்ள செவ்வகம் என்றால் 0.105 வரும். முனைகள் கூராக இருப்பதால் அதில் 60 சதவீதம், அதாவது 0.063 என்று வைத்துக்கொண்டேன். 0.09-ஆல் வகுத்தால் 0.70. மிதப்பு மையத்துக்கு 3 செ.மீ. கூட்டினால், மெட்டாசென்டர் அடித்தளத்திலிருந்து சுமார் 73 செ.மீ. உயரத்தில் இருக்கிறது.

ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஆளும் படகும் சாமானும் சேர்ந்த புவியீர்ப்பு மையம் சுமார் 29 செ.மீ. உயரத்தில் வருகிறது. 73-க்கு நன்றாகக் கீழே. கெட்டியாக நிற்கும். அதே ஆள் எழுந்து நின்றால்? மனிதனின் புவியீர்ப்பு மையம் அவன் உயரத்தில் ஏறக்குறைய 55 சதவீதத்தில், தொப்புளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 165 செ.மீ. உயரமுள்ள ஆளுக்கு 91 செ.மீ. பள்ளத்தின் உயரத்தையும் சேர்த்து, படகோடு சராசரி பார்த்தால் 73 செ.மீ.! இரண்டும் ஒரே இடம். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. ஒரு தும்மல் போதும்.

நான் கணக்குப் போட்டதை சார் ஏரியில் செய்தே காட்டினார். இடுப்பளவு தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டோடு, எழுந்து நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினோம். நான்கு எண்ணுவதற்குள் சார் தண்ணீரில் இருந்தார். படகு மட்டும் ஒன்றும் தெரியாத பூனை மாதிரி மிதந்துகொண்டிருந்தது. மாமா சிரித்த சிரிப்பில் கரையில் இருந்த கொக்கு பறந்தது.

பரிசலுக்கு வருவோம். விட்டம் 2 மீட்டர். ஆளும் வலையும் பரிசலும் சேர்த்து 120 கிலோ. வட்டத்துக்கு 'பை டி பவர் ஃபோர் பை சிக்ஸ்டி ஃபோர்' போட்டால் 0.785. அதை 0.12-ஆல் வகுத்தால் 6.5 மீட்டர்! கயாக்குக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்த புள்ளி பரிசலுக்கு இரண்டு மாடி உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் அணைகளில் பரிசல்காரர்கள் விளிம்பில் குந்திக்கொண்டு வலையை இழுக்க முடிகிறது. விளிம்பில் 60 கிலோ ஆள் உட்கார்ந்தால் பரிசல் நாலு, ஐந்து டிகிரிதான் சாய்கிறது, விளிம்பு எட்டு செ.மீ. இறங்குகிறது. ஆனால் இந்தக் கணக்கு சின்னச் சாய்வுக்கு மட்டும். ஏழெட்டுப் பேர் ஏறி, பயத்தில் எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்கினால் விளிம்பு தண்ணீருக்குள் போய்விடும். பரிசல் மூடிய டப்பா அல்ல, திறந்த கூடை. ஒரு முறை தண்ணீர் உள்ளே வந்தால் அது தாழ்ந்த பக்கத்துக்கே ஓடி இன்னும் சாய்க்கும்.

அப்படியானால் பரிசலே போதாதா, கயாக் எதற்கு? பரிசலுக்கு முன், பின் என்று கிடையாது. தெரியாத ஆள் துடுப்புப் போட்டால் ஆட்டுக்கல் குழவி மாதிரி நின்ற இடத்தில் சுற்றும். கயாக் அம்பு மாதிரி நேராகப் போகும். வலைக்குப் பரிசல், தூண்டிலுக்குக் கயாக் என்பது என் கருத்து. மாமா இதை ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் ஊரில் இரண்டும் கிடையாது என்பதுதான் நிஜம். எங்கள் ஆட்கள் போவது லாரி டியூபில். காற்றடித்த டியூபின் நடுவில் பலகையோ கயிறோ கட்டி, கால் இரண்டையும் தண்ணீரில் தொங்கவிட்டு, கையாலேயே துழாவிக்கொண்டு போய் வலை கட்டுவார்கள். டியூப் இல்லாத பையன்கள் வாழைமரம் நாலைக் குச்சியால் கோத்துத் தெப்பம் செய்வார்கள். "டியூப்தான் மூழ்காதே" என்பார்கள். உண்மைதான், மூழ்காது. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்து ஊரில் ஒரு அண்ணன் சாயங்காலம் வலை எடுக்கப் போனார். தொங்கிய கால் வலையில் மாட்டியிருக்கிறது. காலை விடுவிக்கக் குனிந்தபோது டியூபிலிருந்து நழுவியிருக்க வேண்டும். காலையில் டியூப் மட்டும் தானாகக் கரைக்கு வந்திருந்தது, காற்று குறையாமல்.

அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நன்றாக நீந்தத் தெரிந்தவர். தங்கூசி வலை காலில் சுற்றினால் நீச்சல் என்ன செய்யும்?

லைஃப் ஜாக்கெட் பற்றி இங்கே எழுதியாக வேண்டும். "60 கிலோ ஆளை இந்தச் சின்னப் பஞ்சு ஜாக்கெட் தூக்குமா?" என்று எங்கள் ஊரில் எல்லோரும் கேட்டார்கள். 60 கிலோவைத் தூக்க வேண்டியதே இல்லை. நம் உடம்பின் அடர்த்தி ஏறத்தாழத் தண்ணீரின் அடர்த்திதான். உடம்பைத் தண்ணீரே தூக்கிவிடுகிறது. மூக்கும் வாயும் வெளியே இருக்கிற அளவுக்குத் தலையைத் தூக்க நாலைந்து கிலோ விசை கூடுதலாகக் கிடைத்தால் போதும். ஜாக்கெட்டில் 50 நியூட்டன், 100 நியூட்டன் என்று போட்டிருப்பது இதைத்தான். 50 என்றால் சுமார் 5 கிலோ தூக்கும். நீந்தத் தெரிந்த, கரைக்குப் பக்கத்தில் இருக்கிற ஆளுக்கு இது. 100 என்றால் 10 கிலோ. நீந்தத் தெரியாதவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும். முகம் மேலே வருகிற மாதிரி இதைச் செய்திருப்பார்கள். உள்ளே இருப்பது பஞ்சு அல்ல, தண்ணீர் புகாத நுரை. தையல் பிரிந்தாலும் ஆபத்து, நுரை நைந்து போனாலும் ஆபத்து. வார் எல்லாம் இறுக்கிக் கட்ட வேண்டும். தோளில் சும்மா மாட்டிக்கொண்டால், விழுந்ததும் ஜாக்கெட் மேலே வரும், ஆள் கீழே போவான்.

விழுந்தால் திரும்ப ஏறுவதற்கும் ஒரு வழி உண்டு. முதலில் படகை விடக் கூடாது. கவிழ்ந்திருந்தால் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து நிமிர்த்துங்கள். பிறகு பக்கவாட்டில் நின்று ஏற முயலாதீர்கள், படகு மறுபடி மேலே வந்து கவிழும். உடம்பைத் தண்ணீர் மட்டத்தில் படுக்கவைத்து, காலைத் தவளை போல உதைத்து, வயிறு படகின் குறுக்கே வரும்வரை சறுக்கிப் போக வேண்டும். வயிறு வந்த பிறகு மல்லாந்து புட்டத்தை இருக்கையில் வைத்து, கடைசியாகக் காலை உள்ளே எடுக்க வேண்டும். புவியீர்ப்பு மையம் தாழ்வாகவே இருக்கிறது பார்த்தீர்களா! நான் அன்று ஆறு தடவை பழகினேன், சார் கூடவே நின்றார். டியூபில் இது முடியாது. ஒரு பக்கம் கை வைத்தால் அது புரண்டு வரும்.

சிலர் கேட்பீர்கள், காட்டு ஏரியில் போய் மீன் பிடிக்கலாமா, யாராவது பிடித்துக்கொண்டு போய்விட மாட்டார்களா என்று. நியாயமான கேள்வி. ஊர் ஏரி என்றால் மீன் குத்தகை எடுத்தவரிடம் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டோம், இரண்டு கட்லா வந்தால் தனக்கு என்றார், வரவில்லை. காப்புக்காட்டுக்குள் உள்ள நீர் என்றால், 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி அனுமதியின்றி மீன் பிடிப்பது குற்றம். அதே சமயம் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழும் மக்களின் சமூக உரிமைகளில் மீனையும் நீர்நிலைகளில் விளையும் மற்ற பொருள்களையும் சேர்த்திருக்கிறது. ஆனால் அது தானாக வந்துவிடாது. கிராம சபையில் எழுதிக் கேட்டு, மேலே போய், அங்கீகாரம் கிடைக்க வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. வெடி போடுவதும் நஞ்சு கலப்பதும் எந்த ஏரியிலும் கூடாது. 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. வெடியில் சாகும் மீனில் பாதி மிதக்காமல் அடியில் போய் அழுகிவிடும் என்பதைச் சட்டம் தெரியாத மாமாவும் சொல்வார்.

அன்று மாலை வரை கிடைத்தது விரால் ஒன்று, கெளுத்தி நான்கு, ஜிலேபி எண்ணவில்லை. குழம்பு அத்தை வைத்தது. சாமைச் சோற்றுக்கு விரால் குழம்பு எப்படி இருக்கும் என்று எழுதினால் ஹாஸ்டல் மெஸ் நண்பர்கள் மனம் புண்படும், விட்டுவிடுகிறேன்.

சார் போகும்போது ஜாக்கெட் இரண்டை மாமாவிடம் விட்டுப் போனார். இப்போது அவை வீட்டுத் திண்ணையில் ஆணியில் தொங்குகின்றன. வலை கட்டப் போகிறவர்கள் கேட்டு வாங்கிப் போகிறார்கள், எல்லோரும் அல்ல. புதுக் கயாக் வாங்க எங்கள் ஊரில் யாரிடமும் பணம் இல்லை. ஆனால் மூங்கில் இருக்கிறது, கூடை முடைகிற கை இருக்கிறது, தார்ப்பாய் ஜமுனாமரத்தூரில் கிடைக்கிறது. கடைசி ஆண்டு பிராஜெக்டுக்கு மூங்கில் கூடும் தார்ப்பாயும் வைத்து ஒரு ஆள் படகு செய்து தரலாமா என்று எங்கள் செட்டில் மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு முனையிலும் காலி பிளாஸ்டிக் கேன்களைக் கட்டிவிட்டால் தண்ணீர் புகுந்தாலும் மிதக்கும். அகலம் 90 செ.மீ. என்று வரைபடத்தில் போட்டாகிவிட்டது. 75-ஐ 90 ஆக்கினால் அகலம் ஒன்றே கால் மடங்குகூட ஆகவில்லை, ஆனால் இனர்ஷியா 1.7 மடங்கு ஆகிறது, கியூப் அல்லவா! அந்த அகலத்தில் மாமா எழுந்து நின்றுகூட வலை இழுக்கலாம். நீளம்தான் இன்னும் முடிவாகவில்லை. எங்கள் மலைக்குப் போகும் ஜீப்பின் கூரை மேல் அது ஏற வேண்டும், அளந்து வரச் சொல்லித் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன்.